யார் அணங்குற்றனை கடலே

ஏப்ரல் 29, தேவனாம்பட்டினம்

அத்தையின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். மாமாவைத் தனியே விட மனசில்லை, தங்கிவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். இன்ஜின் சத்தம் குறைந்ததில் ராத்திரி கடல் இரைச்சல் தலைமாட்டிலேயே கேட்கிறது. மாமா தூங்கவில்லை. நானும்தான்.

மே 1

வெயில். கரண்ட் வேறு இல்லை.

மே 2

குறுந்தொகை 163, அம்மூவனார் பாட்டு. தலைவி கடலைப் பார்த்து, ‘யாரால் நீ இப்படி வருந்துகிறாய், நடுச்சாமத்திலும் உன் குரல் கேட்கிறதே’ என்கிறாள். அவ்வளவுதான். தன் ஆளைப் பற்றியோ தன் தூக்கம் போனதைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. கடலோரத் திணையான நெய்தலுக்கு உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு, இரங்கல்; சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம் என்று இலக்கணம் சொல்லும். இவளுக்கோ பொழுது சாய்ந்தும் முடியவில்லை, நள்ளிரவு வரை இழுக்கிறது.

மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். துறையில் மீன் தின்னும் குருகுகள், அதாவது கொக்கு நாரைகள், பூழி நாட்டுக்காரர்களான பூழியரின் சிறுதலை வெள்ளாட்டு மந்தை பரவியதுபோல் இருக்கின்றன என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“கடல்கரையில நிக்கிறவளுக்கு ஆடு எங்கருந்துப்பா ஞாபகம் வருது?”

எனக்குப் பதில் வரவில்லை. கெடிலம் முகத்துவாரத்தில் கொக்குகள் கூட்டமாக நிற்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

மே 3

ஆடு நாள் முழுக்க மனசில் மேய்ந்தது. உவமை அழகு என்று சொல்லிக் கடந்துவிடலாம், ஆனால் அழகுக்காக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அத்தையைத் தூக்கும்போது, பந்தலில் கட்டிய டியூப்லைட் ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை அப்புறம் வந்தது. துக்கத்தில் மனசு சம்பந்தமில்லாத எதையாவது பிடித்துக்கொள்ளும். அம்மூவனாருக்கு அது தெரிந்திருக்கிறது. ஐந்தே அடியில் ஒரு மந்தையை உள்ளே விட்டு, தாழம்பூவை அலை மோதவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தக் குரலுக்கு வருகிறார்.

மே 4

சாயங்காலம் மாமாவே ஆரம்பித்தார்.

“கடல் என்னா பதில் சொல்லுச்சு?”

“பாட்டு அதோட முடியுது மாமா.”

“வேற இருக்கா?”

ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறும் அவர் பாடியதுதான் என்றேன்.

“தினம் ஒண்ணு படி. படகு கடலுக்குப் போற வரைக்கும் எனக்கு என்ன வேலை?”