கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் கவர்

கடலூரில் கடை கடையாகப் போய் பிளாஸ்டிக் கவரைக் குறைக்கப் பேசுவதுதான் சில வருடங்களாக என் வேலை. சட்டத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பது திருப்பாதிரிப்புலியூரின் சின்னப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். அவர் கேட்பது வேறு. "நான் கவர் இல்லைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க சார். அந்த யாவாரத்த யார் தருவா?" நியாயமான கேள்வி. பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியில் தடை வந்தது 2019 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட ஏழு மாதம் நம் ஆட்களுக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டம்.

அதனால் தனிக்கடையாகப் பேசுவதில்லை. ஒரு தெருவில் ஒரே சரக்கு விற்பவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுகிறோம். கேட்காமல் யாரும் கவர் நீட்டுவதில்லை, முதலில் அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மளிகைக் கடைகளில் கவர்க்கட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒரு சோப்பு வாங்கினாலும் கடைக்காரர் கை தானாக அங்கே போகும். ஓர் அண்ணாச்சி அந்தக் கட்டைக் கழற்றி உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார். கேட்டால் எழுந்து போய் எடுத்து வருவார், மறுப்பதில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் கேட்கவே இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டோ, வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டோ போய்விட்டார்கள். அந்த ஆணி செய்த வேலையை எங்கள் நோட்டீஸ் எதுவும் செய்ததில்லை.

பூக்கடை அக்காக்களுக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. பாடலீஸ்வரர் கோயில் பக்கம் ஓர் அக்கா மல்லிகையை வாழை இலையில் சுருட்டி நாரால் கட்டிக்கொண்டே சொன்னார்: "கவர்ல போட்டா வேர்த்து, வீடு போறதுக்குள்ள கறுத்துடும் தம்பி." அப்புறம் ஏன் கவர்? முகூர்த்த நாட்களில் இலை விலை ஏறிவிடும், அன்றைக்குத்தான் கவர் உள்ளே வருகிறது. பந்திக்கு ஆகாத கிழிசல் இலையை மலிவாகத் தர இலைக்கடைக்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். பூ மடிக்க அது தாராளமாகப் போதும்.

ஜவுளிக் கடைகளில்தான் வாதம் நீளும். துணி மாதிரி இருக்கும் பையைக் காட்டி, "நாங்க மாறிட்டோமே" என்பார்கள். அது பெரும்பாலும் நெய்யாத பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான். ஓரத்தில் சின்னத் துண்டை வெட்டித் தீக்குச்சி வைத்தால் சுருங்கி, உருகி, உருண்டையாகிவிடும். பருத்தி எரிந்து சாம்பலாகும். இரண்டையும் அவர்கள் மேஜையிலேயே செய்து காட்டுவேன். 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்குப் பிறகு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வர யாரும் கூச்சப்படுவதில்லை என்பதும் பேச்சுக்குக் கை கொடுக்கிறது.

உண்மையான சிக்கல் ஈரச் சரக்கில்தான். மாவு, சாம்பார், மீன். மஞ்சக்குப்பத்தில் மாவு விற்கும் அம்மா ஒருவர் பாத்திரம் கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார். வாடிக்கையாளர்கள் தூக்கோடு வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டல் சாம்பாருக்கு இது எடுபடவில்லை. சூடான சாம்பாரைக் கவரில் ஊற்றி முடிச்சுப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை, குழந்தைகளும் அதைத்தானே சாப்பிடுகிறார்கள். நவம்பர் மழையில் கால்வாய் அடைத்துத் தெருவில் தண்ணீர் நின்றால் தூர் வாரும்போது வருவதும் இதே கவர்தான்.

மீனுக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. வேலை முடிந்து பஸ் இறங்கி வருபவர் டப்பாவோடு வருவதில்லை. வாடிக்கையாளருக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டு மூடி போட்ட டப்பாவில் மீனைத் தந்து, அடுத்த முறை திரும்ப வாங்கலாமா என்று முதுநகரில் மீன் விற்கும் அக்காக்களிடம் பேசி வருகிறோம். அவர்களுக்குச் சம்மதம்தான். முதல் டப்பாக்களுக்கு யார் காசு போடுவது, வந்த டப்பாவைக் கழுவத் தண்ணீர் எங்கே என்ற இரண்டு கேள்விகளில் பேச்சு நிற்கிறது.