ஆறு ஜிபியும் ஒரு லேன் கேபிளும்

மருமகளின் லாப்டொப்பில் சிடி போட இடமே இல்லை. கனடாவில் இருக்கிற அவளது பெரியப்பா பாவித்துவிட்டுக் கொடுத்தனுப்பியது. விண்டோஸ் 7, செத்த பற்றரி. அவளது படிப்புக்கு வேண்டிய வரைபட மென்பொருளோ 6 ஜிபியில் ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு கோப்பாக்கியது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைகளில் விசாரித்தால் யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கச் சொன்னார்கள். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதானே பிடிக்கும்!

பென் டிரைவும் இதற்குச் சுகமில்லை. கடையில் வாங்குகிற சின்னப் பென்கள் பெரும்பாலும் ஃபாட்32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும். 4 ஜிபி வரும் கோப்பை அது ஏற்காது, பென்னில் எவ்வளவு வெற்றிடம் கிடந்தாலும் சரி. பெரிய கோப்பை ஏற்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு ஃபோர்மட் பண்ணலாம், ஆனால் உள்ளே இருந்த நல்லூர்த் தேர்ப் படங்கள் அழிந்துவிடும். கோப்பைச் சுருக்கி விரிக்கும் 7-ஸிப் மென்பொருளால் துண்டாக்கவும் முடியும். எப்படிச் செய்தாலும் பென்னுக்கு ஒருதரம், பென்னிலிருந்து இன்னொருதரம் என்று இரட்டை வேலை.

அதனால் என் மேசைக் கணினிக்கும் லாப்டொப்புக்கும் நடுவே நேராக லேன் கேபிளைக் கொழுவினேன். என்னுடையதில் கிகாபிட் போர்ட் இருப்பதால் சாதாரண கேபிளே போதும். இரண்டும் பழசென்றால் உள்ளே கம்பிகளை மாற்றிப் பொருத்திய கிராஸ் கேபிள் தேவைப்படலாம். ஐபி முகவரியைக் கையால் கொடுத்தேன்: ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2, இரண்டுக்கும் சப்நெட் 255.255.255.0. கோப்புறையை ஷேர் பண்ணும் கணக்குக்குப் பாஸ்வேர்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் உள்ளே விடாது. பலர் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

லாப்டொப்பின் போர்ட் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 11 மெகாபைட் (எம்பி) அளவில் போகும், 6 ஜிபிக்குப் பத்து நிமிடத்துக்குக் கிட்ட. “கரண்ட் போனால் என்ன மாமா செய்யிறது?” என்று அவள் கேட்டாள். திரும்ப முதலிலிருந்துதான், வேறென்ன. நல்ல காலம், போகவில்லை.

அப்புறம் இரண்டு கணினியிலும் விண்டோஸுடன் வரும் செர்டியூட்டில் (certutil) கட்டளையால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை எடுத்து ஒப்பிட்டோம். இவ்வளவு பெரிய கோப்பில் இதைத் தவிர்க்கக்கூடாது. பாதி இன்ஸ்டோல் ஆனபிறகு வருகிற பிழைச்செய்தி கோப்புப் பழுதென்று பெரும்பாலும் சொல்லாது.

விண்டோஸ் 7 ஐஎஸ்ஓவைத் தானாக மவுண்ட் பண்ணாது, அதாவது டிஸ்க் போட்டதுபோலத் திறந்து காட்டாது. 7-ஸிப்பால் ஒரு கோப்புறைக்குள் விரித்து, அங்கிருந்தே செட்டப்பை ஓட்டினால் சரி. விரித்ததும் இன்ஸ்டோல் ஆவதும் சேர, கோப்பின் அளவைப்போல மும்மடங்கு இடமாவது டிஸ்க்கில் இருக்கட்டும். முடிந்ததும் ஐபியைத் தானாக எடுக்கும்படி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தமுறை ரவுட்டரில் கொழுவும்போது இன்டர்நெட் வராது.