பெருகியது பிறப்பன்று, குறைந்தது இறப்பு

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தபோது, கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த பலரும் “இப்படிப் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே போனால் பூமி தாங்குமா?” என்றே கேட்டார்கள். உண்மையில், 1950ஆம் ஆண்டுவாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள், இன்று இரண்டேகால்தான். பிறப்பு பாதிக்கும் கீழே இறங்கியும் மக்கள்தொகை மும்மடங்கானதற்குக் காரணம், அன்று ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ இருபதாக இருந்த இறப்பு, 2019க்குள் எட்டுக்கும் கீழே இறங்கியதுதான்.

இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் காடழித்து ரப்பர் நட்ட தோட்டங்களில் நம் முன்னோர் மலேரியாவுக்குக் கொத்துக்கொத்தாகப் பலியானார்கள். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை வடியச் செய்ததும், அங்கும் துறைமுகத்திலும் காய்ச்சல் மளமளவென்று தணிந்தது. ஆனாலும் தோட்டத்து லயங்களுக்கு அந்த நன்மை ஒரே சீராக வந்துசேரவில்லை. பெற்ற பிள்ளைகளில் பாதியைப் பறிகொடுத்த என் பாட்டி, மிஞ்சுவது எத்தனை என்று தெரியாத காலத்தில் குறைவாகப் பெற எவளுக்குத் துணிவு வரும் என்று சொல்வார். அவர் சொன்னதைத்தான் மக்கள்தொகை ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்: முதலில் இறப்பு குறைகிறது, பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை வேரூன்றிய பிறகே பிறப்பு குறைகிறது, இடைப்பட்ட அந்தத் தலைமுறைகளில்தான் மக்கள்தொகை பெருகுகிறது. சுதந்திரத்தின்போது ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்த மலேசியப் பிறப்பு இப்போது இரண்டுக்கும் குறைவு.

இறப்பு விகிதத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஜப்பானியர்கள் நம்மைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். ஆயினும் அங்கே இறப்பு விகிதம் நம்முடையதைப் போல இரு மடங்கு, ஏனென்றால் அவர்களில் பத்தில் மூவர் முதியவர்கள். முதுமை கூடக்கூட மலேசியாவிலும் உலகிலும் அந்த எண் மீண்டும் ஏறும். 2080களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியில் மக்கள்தொகை உச்சம் தொடும் என்று ஐ.நா. 2024இல் கணித்தது.

ஆகவே, ஏழை நாடுகளில் நோய்க்குச் சாகிறவர்களைக் காப்பாற்றினால் கூட்டம் பெருகிவிடும் என்று படித்தவர்களே பேசும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. நைஜர் நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஐந்து வயதைக் காண்பதில்லை. அங்கேதான் ஒரு தாய்க்கு ஆறு பிள்ளைகள். மலேரியாவுக்குக் கொசுவலையும், தட்டம்மைக்குத் தடுப்பூசியும், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் கண்டுபிடித்துப் பல ஆண்டுகள் ஆகியும், அவை அந்த நாட்டின் எல்லா வீடுகளுக்கும் இன்னும் போய்ச்சேரவில்லை.