அஞ்சு ரோட்டுக்கும் அதுதான், ஏற்காட்டுக்கும் அதுதான்

நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் பைக் வாங்குகிறவர்கள் மூணாறு, கூர்க், கோவா என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். வாங்கிய பிறகு அந்த வண்டி பெரும்பாலும் ஓடுவது சேலத்துக்குள், அஸ்தம்பட்டிக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில்தான். வீட்டில் இன்னொரு ஸ்கூட்டர் இருந்தால் கவலையில்லை. பால் வாங்க, ஆபீஸ் போக, கோயிலுக்குப் போக, கோயம்புத்தூர் போக, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் என்கிற வீட்டுக்கு இந்தப் பதிவு.

இந்த வகை வண்டியை நெடுஞ்சாலை கெடுப்பதில்லை, தெருமுனைக் கடைதான் கெடுக்கிறது. சங்ககிரி, பவானி வழியாக நூற்று அறுபது சொச்சம் கிலோமீட்டர் கோவை வரை ஒரே மூச்சில் ஓட்டினால் எஞ்சினுக்கு அது சுகம். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் பண்ணி இரண்டு கிலோமீட்டர் வருவதுதான் தண்டனை. எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். உள்ளே சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற நேரமில்லை, ஆயிலில் கலந்து தங்கிவிடுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் மோர் நிறத்தில் ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். ஆயில் பார்க்கிற கண்ணாடியின் மேல் ஓரத்திலும் சிலசமயம் தெரியும். மூடியில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஈரம்தான். ஓமலூர் வரை ஒரு அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு வந்தால் போய்விடும். கண்ணாடி முழுக்க ஆயிலே பால் கலந்த டீ மாதிரி இருந்தால் கதை வேறு. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று அர்த்தம், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆயில் அளவைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மூன்று நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, இன்னொரு மூன்று நிமிஷம் விட்டு, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அதனால் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டர் கணக்கில் வைக்காதீர்கள். மீட்டர் மூவாயிரம்தான் காட்டினாலும் ஆறு மாதம் ஆனால் மாற்றிவிடுங்கள், கூடவே ஃபில்டரையும். டப்பாவில் ஜாஸோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்கிற பைக் ஆயில் தரக் குறி போட்டிருக்க வேண்டும். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்ப்பார்கள். அதை ஊற்றினால் ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

அடுத்து அடிபடுவது பேட்டரி. 2017 ஏப்ரலிலிருந்து இங்கே புது பைக்குகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும், அணைக்க ஸ்விட்ச் கிடையாது. அதோடு ரேடியேட்டர் ஃபேன், மொபைல் சார்ஜர். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது சார்ஜ் ஏறுவது சொற்பம், ஸ்டார்ட்டருக்குச் செலவானது திரும்பி வரவே சில கிலோமீட்டர் ஆகும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் பேட்டரி முனையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது. 12.4க்குக் கீழே போனால் சார்ஜரில் போட வேண்டிய நேரம். 12கூட இல்லை என்றால் அன்றைக்கோ நாளைக்கோ தெருவில் தள்ளத்தான் போகிறீர்கள். எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால், ஏறத்தாழ 14 காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால் பேட்டரியை மாற்றிப் பிரயோஜனமில்லை, சார்ஜ் ஏற்றும் ரெகுலேட்டரையும் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ், மொபைல் சார்ஜர் எதையும் பேட்டரியில் நேரடியாக இழுக்காமல், சாவியை அணைத்தால் கூடவே அணைகிற மாதிரி ரிலே வைத்து இழுக்க வேண்டும்.

சேலத்து வெயில் தெரிந்ததுதான். சித்திரை மதியத்தில் அஞ்சு ரோட்டில் மேம்பாலத்தின் அடியில் நின்றால் ஃபேன் போடும் சத்தமும் முழங்காலில் அடிக்கும் அனலும் புதிதாக வாங்கியவரைப் பயமுறுத்தும். ஃபேன் ஓடுவது கோளாறு அல்ல, ஓடாமல் இருந்தால்தான் கோளாறு. அந்தப் பக்கம் கடைக்குப் போகிற வேலை இல்லை என்றால் கீழே நிற்காமல் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறிவிடுவது வண்டிக்கும் காலுக்கும் நல்லது.

கூலன்ட்டில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. ரிசர்வ் டப்பாவில் அளவு குறைந்ததும் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். நம்மூர் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஒருமுறை படிந்தால் எளிதில் போகாது. கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றுங்கள், அல்லது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது, வெந்நீர் முகத்தில் அடிக்கும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை ரேடியேட்டருக்கு நேராகப் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும். பூச்சியையும் மண்ணையும் சாதாரண ஹோஸ் தண்ணீரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாக எடுத்தால் போதும்.

எடை விஷயத்துக்கு வருவோம். பஜாஜ் டாமினார் 400 என்றால் 193 கிலோ. கவாஸாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் 238 கிலோ. ஓடும்போது இந்த எடை தெரியாது. செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட் சந்தில் லோடு ஆட்டோவுக்கு வழிவிட்டுப் பின்னால் தள்ளும்போது தெரியும். எங்கே நிறுத்தினாலும் வெளியே எடுக்கிற திசையை யோசித்து நிறுத்தப் பழக வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்து நின்றுவிட்டால் தனியாளாக இழுக்க முடியாது. வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் மழை பெய்த மண்ணிலும் சைடு ஸ்டாண்ட் மெல்ல இறங்கி, அரைமணி கழித்து வண்டி படுத்திருக்கும். உள்ளங்கை அளவு கடப்பாக்கல் துண்டோ தட்டையான பலகையோ சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

சாமான் ஏற்றுவதில் ஸ்கூட்டரோடு போட்டி போட வேண்டாம். கால் வைக்கிற இடத்தில் 25 கிலோ அரிசிச் சிப்பமோ கேன் தண்ணியோ வைக்க இதில் இடமே இல்லை. இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவந்து போடச் சொல்லிவிடுங்கள், அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. உழவர் சந்தைக் காய்கறி அளவுக்குப் பக்கப் பெட்டிகளே போதும். கனமானது கீழே, பக்கப் பெட்டியில். மேல் பெட்டியில் ஹெல்மெட், ரெயின்கோட் மாதிரி லேசானவை மட்டும். பெட்டி பெரிதாக இருக்கிறதே என்று பத்துக் கிலோ வெங்காயத்தை உயரத்தில், பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் ஏற்றினால், முன்சக்கரம் லேசாகி எண்பதில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். மாம்பழ சீசனில் ஒரு எச்சரிக்கை. சைலன்சர் பக்கத்துப் பெட்டியில் மல்கோவாவை வைத்தால் வீடு சேர்வதற்குள் வெந்துவிடும். மறுபக்கத்தில் வையுங்கள்.

பின் சீட்டைப் பற்றிக் கடைக்காரர் பேசமாட்டார். அம்மாவோ அத்தையோ புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் தொங்குவது இடதுபக்கம். பெரும்பாலான பைக்குகளில் செயினும் இடதுபக்கம்தான். பக்கப் பெட்டி மாட்டுவதற்காகச் சேலை கார்டைக் கழற்றி வைத்தவர்கள் இதை யோசிக்க வேண்டும், முந்தானை ஒரு நொடியில் உள்ளே போய்விடும். பின்சக்கரத்தின் பாதியாவது மறைய வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. பின் சீட்டும் உயரம், சரிவு. வயதானவர்களை ஏற்றி இறக்கித் தவிப்பதைவிட அன்றைக்கு ஆட்டோ பிடிப்பது மேல். சுடிதார் என்றால் இருபக்கமும் கால் போட்டு, துப்பட்டாவை முடிந்து, இரண்டு பேருக்கும் ஹெல்மெட்டோடு போகலாம்.

செயின் வேலையைப் பட்டறைக்கு விட்டால் கட்டாது. ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே, வீட்டில் செய்துவிட வேண்டும். பேடாக் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துடைத்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயினுக்குள் இருக்கும் ஓ-ரிங் ரப்பரைக் கெடுத்துவிடும். துடைத்துக் காய்ந்ததும் 90 கியர் ஆயிலையோ செயின் ஸ்பிரேயையோ செயினின் உள்பக்கம் போடுங்கள், சுழலும்போது தானே வெளியே வரும். இதை ராத்திரி வண்டி வந்து நின்றதும், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் காலைக்குள் ஊறிவிடும்.

செயினின் தளர்ச்சி எவ்வளவு என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பொதுவாக 25 முதல் 35 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிச் செயின் எங்கே அதிக இறுக்கமாக வருகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். தளர்ச்சியைவிட இறுக்கம் ஆபத்து. ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இழுபட்டு, கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின் முடிந்தது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்ற வேண்டியதுதான்.

இனி ஏற்காடு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் கஷ்டம் ஏறும்போது வரும் இடதுபக்க வளைவு. நாம் உள்ஓரத்தில் இருக்கிறோம், அங்கேதான் ரோடு செங்குத்து. தவிர்க்க வலதுபக்கம் அகலமாகத் திரும்பினால் எதிரே இறங்கும் பஸ். ஆகவே வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு, தேவையென்றால் ஒன்றுக்கு வந்துவிட்டு, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் இடது காலை ஊன்றுவோம், அங்கே ரோடு சரிந்து இறங்கியிருப்பதால் கால் எட்டாது, வண்டி விழும். இந்த மலையில் பெரிய பைக் கீழே போவது வேகத்தால் மட்டுமல்ல, இப்படி நின்றபடியும்தான். ஒரு பஸ் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் கீழேயே, சமதளமாக இருக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்பது விதி, ஆனால் பஸ்ஸின் பின்பக்கம் எவ்வளவு வீசும் என்பதை விதி மாற்றாது.

இறங்கும்போது ஏறிய அதே கியர். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் பிரேக்கை எரிக்கிறார்கள். பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எட்டுப் பத்து வளைவுக்குள் பெடல் மெத்தென்று போகும். காரணம் பிரேக் ஆயில். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பிரேக் இல்லை. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிக்கொள்ளும். கனமழையில் மலைப்பாதையில் கல் சரிந்தால் போக்குவரத்தைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டயரும் ஊருக்குள் ஓட்டுவதை மறைக்காது. தினமும் நேர் ரோட்டிலேயே ஓடினால் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். ஆபீஸ் போகும்போது எதுவும் தெரியாது. ஏற்காட்டில் சாய்க்கும்போது அந்தத் தட்டை விளிம்பில் ஏறி, வண்டி சட்டென்று விழுகிற மாதிரி இருக்கும். தடம் பாக்கி இருந்தாலும் மாற்றுங்கள். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்கள். ஓட்டிவிட்டுப் பங்க்கில் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதை இறக்கிவிடாதீர்கள்.

பணக் கணக்கு சுருக்கமாக. 350 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022இல் அறிவித்த விலைப்படி வருஷத்துக்கு 2,804 ரூபாய், 150 சிசி வரையான சாதாரண பைக்குக்கு 714. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குள் 18. டாமினார் அளவு வண்டி லிட்டருக்கு 25 என்று வைத்தால் மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 40 லிட்டர். சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணமில்லை, இடது ஓர வழி.

பெங்களூருவிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்காதீர்கள். டீசல் மிச்சத்துக்கு நியூட்ரலில் இறங்கி பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் அங்கே பல விபத்துகளை உண்டாக்கியிருக்கின்றன. விலகி லாரியை முன்னால் போக விடுங்கள், அல்லது நன்றாகத் தள்ளி முன்னால் போய்விடுங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை டியூப்லெஸ் பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர், இரண்டு மூன்று ஃபியூஸ். ஆணியை உடனே பிடுங்காதீர்கள், திரியையும் பசையையும் தயாராக வைத்துக்கொண்டு, அது எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று பார்த்துப் பிடுங்கி, அதே சாய்வில் ஊசியை விடுங்கள். கம்ப்ரஸரை ஹேண்டிலில் இருக்கும் யுஎஸ்பி சாக்கெட்டில் மாட்டினால் ஓடாது. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து ஒரு வயர் இழுத்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டபடி அடியுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றி ஒட்டுப்போட்டால் அடுத்த முறை போவது ஃபியூஸ் அல்ல, வயரிங்.