மோட்டார் இல்லாத மாடிச் சொட்டுநீர்: கடைசி டிரம்முக்கும் தண்ணீர் வந்தாச்சு

கடைசி மூலையில் இருக்கும் எலுமிச்சை டிரம்முக்கும், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கும் கறிவேப்பிலைக்கும் இப்போது கிட்டத்தட்ட ஒரே அளவு தண்ணீர் விழுகிறது. மோட்டாரும் இல்லை, பூஸ்டர் பம்பும் இல்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மடிப்பாக்கத்து மொட்டை மாடிதான். தக்காளி, கத்தரி, காலிஃபிளவர் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாயிற்று. மாவுப்பூச்சி துடைத்தே சாயங்காலம் முழுக்கப் போகிறது. இனி மாடிக்கு ஏறினால் உட்காரத்தான். எலுமிச்சை, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, இட்லிப்பூ, காகிதப்பூ, கற்பூரவல்லி போதும்.

சிக்கல் முழுக்க அழுத்தத்தில். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு). நம் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் மாடித் தரையிலிருந்து 4 அடிதான். கணக்குப் போட்டால் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். கடைக்காரர் கையில் திணிக்கும் பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பர் (அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு சொட்டும் முனை) வயலுக்கு நல்ல பொருள். இந்த அழுத்தத்தில் அது வெறும் பிளாஸ்டிக் பொத்தான். போர் தண்ணீரின் உப்பு வேறு சீக்கிரமே அடைத்துவிடும்.

அதனால் டிரிப்பரையே தூக்கிவிட்டேன். 16 எம்எம் லேட்டரல் குழாயை மாடி ஓரமாக ஒரு சுற்று விட்டு, இரண்டு முனைகளையும் ஒரே ‘T’ இணைப்பில் சேர்த்தாயிற்று. தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வருவதால் கடைசிச் செடித் தொட்டி என்று ஒன்று கிடையாது. அப்புறம் ஒவ்வொரு தொட்டிக்கும் மெல்லிய துளையுள்ள மைக்ரோ டியூப், அவ்வளவுதான். டியூப் நீளமானால் தண்ணீர் குறையும், வெட்டினால் கூடும். காகிதப்பூவுக்கு ஒரு மீட்டருக்கு மேல் சுருட்டி வைத்திருக்கிறேன், எலுமிச்சைக்கு ஒரு சாண். அளவுக் குவளையை வைத்துக்கொண்டு கத்தரிக்கோலோடு தொட்டி தொட்டியாக உட்கார்ந்ததை வீட்டில் கேலி செய்யாதவர் இல்லை. வெட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. முனையில் வெள்ளைப் படிவு வந்தால் அரை அங்குலம் நறுக்கிவிட்டால் போதும். அதற்காகவே கொஞ்சம் நீளம் விட்டு வைப்பது நல்லது.

இன்னொன்று. காலையில் எல்லோரும் குளித்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டி மட்டம் இறங்கும், கூடவே வேகமும். இதற்குத் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில், தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன டிரம், அதற்குள் மிதவை வால்வு. மட்டம் எப்போதும் ஒரே உயரம். உயரம் கொஞ்சம் இழந்தோம்தான். செடித் தொட்டிகளை ஸ்டாண்டிலிருந்து இறக்கிச் செங்கல் மேல் வைத்து ஈடுகட்டியாயிற்று. டிரம்முக்குக் கொசுவலை கட்ட மறக்காதீர்கள், டெங்கு கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும்.

டைமர் வாங்குவோர் கவனத்துக்கு: சொலினாய்டு (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு) வகைக்கு அழுத்தம் வேண்டும், இங்கே ஒழுங்காகத் திறக்காது. உள்ளே பந்து வால்வைச் சுற்றும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பாரிமுனையில் ஒரு கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்றல்ல.

உட்காரும் பக்கம் இன்னும் பாதியில் நிற்கிறது. கடப்பா கல்லில் பெஞ்சு போடலாம் என்று மேஸ்திரி ஒற்றைக் காலில் நிற்கிறார். கறுப்புக் கல், வைகாசி வெயிலில் உட்கார்ந்து பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். நான் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் டைல்ஸ் பக்கம். நிழல்வலை பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத வகை, ஆனால் நிரந்தரமாகக் கட்டப்போவதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது இந்தத் தெருவில் கிழியாத வலை இல்லை. கொக்கியும் கயிறும் போட்டு, ஐப்பசி பிறந்ததும் சுருட்டி வைக்கிற மாதிரி ஏற்பாடு. அந்தக் கொக்கிகளைத் தளத்தில் துளை போடாமல் எங்கே மாட்டுவது என்பதுதான் இப்போதைய தலைவலி. கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு மாட்டியவர்கள் யாராவது இருந்தால் அளவு சொல்லுங்கள்.