லூசியஸ் ஃபாக்ஸின் நாற்காலி

2008-ல் வந்த ‘தி டார்க் நைட்’ என்ற பேட்மேன் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. முதல் சில வருடங்கள் அதன் வில்லன் ஜோக்கருக்காகவே பார்த்தேன். அந்த வேடத்தில் நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். மறு ஆண்டு அவருக்குக் கிடைத்த ஆஸ்கரைக் குடும்பத்தார்தான் மேடையேறி வாங்கினார்கள். நாக்கால் உதட்டைத் துழாவிக்கொண்டே அவர் பேசுவது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. படத்தில் பயப்பட வேண்டிய ஆள் அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். சர்வர், பேக்கப், யாரோ மறந்துபோன பாஸ்வேர்டு என்று நாள் ஓடிவிடும். அங்கே வேலை பார்க்கும் எவருடைய மெயிலையும் என்னால் திறக்க முடியும் என்பது பல மாதங்கள் எனக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் மாலை மேலாளர் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, சக ஊழியர் ஒருவரின் பெயரைச் சொன்னார். போட்டி நிறுவனத்தோடு பேசுகிறார் என்று சந்தேகமாம். “ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, போதும்” என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. நான் பார்த்தேன். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் அவர் வாங்கியிருந்த ஒரு கடன் கண்ணில் பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அவர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டு வந்து பேசியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் படத்தை மறுபடி போட்டேன். பேட்மேனின் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே அவனுக்குக் கருவிகள் தயாரித்துத் தருபவர் லூசியஸ் ஃபாக்ஸ். மார்கன் ஃப்ரீமன் நடித்த அந்த ஃபாக்ஸ் ஓர் இருட்டு அறைக்குள் நுழையும் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுவர் முழுக்கத் திரைகள். காதம் நகரத்தின் ஒவ்வொரு செல்போனையும் பேட்மேன் ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றிவைத்திருக்கிறான். அதற்கு வித்திட்டது ஃபாக்ஸின் சொந்தக் கண்டுபிடிப்பு. மூன்று கோடிப் பேரை வேவு பார்ப்பது என் வேலையில்லை என்கிறார். இந்த ஒரு முறை உதவுகிறேன், ஆனால் இந்த இயந்திரம் இருக்கும்வரை நான் இங்கே இருக்க மாட்டேன் என்கிறார்.

அவரும் ஒரு முறை செய்தாரே என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அவர் அந்த இயந்திரத்தின் முன் நாற்காலியில் உட்காரும் முன்பே தன் வேலையைப் பணயம் வைத்துவிட்டார். நான் என்ன வைத்தேன்? “சரி சார்” என்றுதான் சொன்னேன்.

கடைசியில் ஃபாக்ஸ் தன் பெயரைத் தட்டச்சு செய்ததும் அந்த இயந்திரம் தானாகவே அழிந்துபோகிறது. எனக்கு மிகப் பிடித்த படத்தில் நான் ஒத்துக்கொள்ளாத ஒரே இடம் அது. இயந்திரம் போகலாம்; பார்த்தவன் கண்டது எங்கே போகும்?

திங்கட்கிழமை மேலாளரிடம் போய், இனி எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் யாருடைய மெயிலையும் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் பதில் பேசவில்லை. சில வாரங்கள் என்னிடமே பேசவில்லை.

அந்த ஊழியர் அடுத்த வருடம் வேலையை விட்டுப் போனார். அவருடைய கணக்கை மூடும் வேலை என்னிடம்தான் வந்தது. கைகுலுக்கி, “உங்களை மறக்க மாட்டேன்” என்றார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.