14½ அடியில் வந்து நின்ற கயாக்

மர ரீப்பர்களை ஒட்டிக் கயாக் (துடுப்புப் போட்டுப் போகும் ஒடுக்கமான சிறு படகு) கட்டுவது எப்படி என்று காட்டும் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. எந்தக் கயாக்கைக் கட்டுவது என்று முடிவெடுக்கத்தான் எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. திருநெல்வேலிப் பக்கம் இப்படி ஓர் ஆசை உள்ளவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகின் குறுக்குவெட்டு அச்சுகளை முழு அளவில் ப்ளைவுட்டில் வெட்டி, அடிக்கு ஒன்றாக ஒரு நீளமான உத்தரத்தின் மேல் நிறுத்த வேண்டும். 2 நூல் கனமும் 6 நூல் அகலமும் உள்ள ரீப்பர்களை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) அவற்றின் மேல் வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போக வேண்டும். இழைத்து, வெளிப்பக்கம் கண்ணாடியிழைத் துணி விரித்து எப்பாக்ஸிப் பிசின் பூசி, அச்சுகளைக் கழற்றிவிட்டு உள்பக்கமும் அதையே செய்ய வேண்டும். உள்ளே விலாச்சட்டம் எதுவும் கிடையாது. ஆக, வடிவம் என்பது அந்த அச்சுகள்தான். அவற்றை வெட்டி நிறுத்திய பிறகு மனம் மாறினால் ப்ளைவுட் காசு போச்சு.

முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது 'நைட் ஹெரான்' என்ற வடிவம். 18 அடி நீளம், 20 அங்குல அகலம். பார்த்தாலே ஆசை வரும். ரீப்பர் அறுத்துத் தருவதாகச் சொன்ன ஆசாரி அண்ணாச்சியிடம் போனில் படத்தைக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. இத எந்தத் தண்ணியில விடப் போறிய?” என்று கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் தண்ணீர்களை எழுதினேன். காரையாறு அணை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். இரண்டையும் அடித்துவிட்டேன். உவரிக் கடலில் எந்த அலைக்கு இறங்கலாம், எதற்கு நிற்கலாம் என்பது அங்கே வள்ளம் விடுகிறவர்களுக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம், எனக்கு இல்லை. மிஞ்சியது தாமிரபரணியில் அணைக்கட்டுகளுக்கு மேல்புறம் தேங்கி நிற்கும் தண்ணீர், முக்கியமாக எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம். அப்புறம் மழை பெய்து நிரம்பினால் விஜயநாராயணம் மாதிரியான பெரிய குளங்கள். குளத்தில் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும், வலை கட்டியிருப்பார்கள். ஆற்றில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை), கோடையில் பாறை. 18 அடிக் கடல் கயாக்குக்கு இங்கே வேலையே இல்லை.

நீளம் குறைந்தால் வேகம் போய்விடுமே என்று ஒரு பயம் இருந்தது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. நீர்க்கோட்டின், அதாவது மிதக்கும் படகைத் தண்ணீர் தொடும் கோட்டின், நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், படகு தானே எழுப்பும் அலையில் சிக்கித் திணற ஆரம்பிக்கும் வேகம் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். நீர்க்கோடு 16 அடி என்றால் 5.4 நாட், 13½ அடி என்றால் 4.9 நாட். என்னைப் போன்ற புதியவர் மணிக்கணக்கில் துடுப்புப் போடும் வேகமோ 3 நாட் அளவில்தான் இருக்கும், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். அந்த வேகத்தில் படகைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் நனைந்த பரப்பின் உராய்வுதான். நீளமான படகில் அந்தப் பரப்பு அதிகம். நான் எட்டவே போகாத ஒரு வேகத்துக்காகக் கூடுதலாக உராய்வைச் சுமப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியது.

இன்னொரு பக்கம் வீடும் கையைக் கட்டியது. படகு கட்டப் போவது பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில். சுவருக்குச் சுவர் 20 அடி. இரண்டு முனையிலும் நின்று வேலை செய்ய இடம் விட்டால் 15 அடிக்கு மேல் கிடையாது. வாசலில் திருப்பி வெளியே எடுக்க முடியுமா என்று ஒரு மூங்கிலை அந்த நீளத்துக்கு வெட்டித் தூக்கிப் பார்த்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை, பார்வையே போதுமானதாக இருந்தது.

அகலத்தில் நிறைய நேரம் போனது. படகு தரும் நிலைப்பு இரண்டு வகை. ஏறி உட்கார்ந்ததும் ஆடாமல் இருப்பது ஒன்று, பக்கவாட்டில் சாய்த்த பிறகு கவிழாமல் தாங்குவது இன்னொன்று. அகலமும் தட்டையான அடியும் முதலாவதைத் தரும். பக்கங்கள் மேலே போகப் போக வெளியே விரிந்திருந்தால் இரண்டாவது கிடைக்கும். 20 அங்குலத்தில் புதியவர் தடுமாறுவார். அதற்காக 28-க்குப் போனால் துடுப்பைத் தண்ணீரில் விட ஒவ்வொரு முறையும் கையை எட்ட வேண்டியிருக்கும், விரல் விளிம்பில் இடிக்கும். மெல்லிய வளைவுள்ள அடியும் விரிந்த பக்கங்களுமாக 24 அங்குலம் என்று முடிவு செய்தேன்.

பிறகு எடை. வரைபடம் விற்பவர்கள் எல்லோரும் எத்தனை கிலோவுக்கு வடிவமைத்தது என்று போடுவதில்லை. போடாதவர்களை நான் ஒதுக்கிவிட்டேன். நான் 82 கிலோ, படகு 20, தண்ணீர் பாட்டிலும் சாமானும் 8, மொத்தம் 110. இந்த அளவுப் படகின் நீர்க்கோட்டுப் பரப்பு ஏறத்தாழ 1.4 சதுர மீட்டர். அதாவது 14 கிலோ ஏறினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். 80 கிலோவுக்கு வரைந்த படகில் நான் உட்கார்ந்தால் 2 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். 150 கிலோவுக்கு வரைந்ததில் உட்கார்ந்தால் மிதப்பு உயர்ந்து, காற்று பிடித்துக்கொள்ளும்.

காற்றை இந்த ஊரில் கணக்கில் எடுக்காமல் முடியுமா? செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் காற்றை நம்பித்தானே கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. பக்கக் காற்றில் கயாக்கின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். அதைச் சமாளிக்கப் பின்பக்கம் ஏற்றி இறக்கும், மீன் துடுப்பு மாதிரியான ஒரு தகடு வைப்பார்கள். அமலையும் வலையும் உள்ள தண்ணீரில் அது சிக்குவதற்கென்றே செய்ததுபோல் ஆகிவிடும். முன்னிருந்து பின்னுக்கு ஓடும் அடிமரக் கோட்டின் வளைவு குறைவாகவும், பின்முனை சற்றுக் கூர்மையாக ஆழம் இறங்கியும், மேல்தளம் தாழ்வாகவும் உள்ள வடிவத்தைத் தேடினேன்.

மேல்தளம் தாழ்வு என்றாலும் ஓர் எல்லை உண்டு. கடைசியில் மிஞ்சிய இரண்டு வரைபடங்களின் நடு அச்சுகளை அட்டைப்பெட்டியில் வெட்டித் தரையில் நிறுத்தி, நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தேன். ஒன்றில் கால்விரல் மேலே இடித்தது. அது போயிற்று. மிஞ்சியது 14½ அடி வடிவம். அதில் உட்காரும் திறப்பு 30 அங்குலத்துக்கு மேல் நீளம், முதலில் உட்கார்ந்துவிட்டுக் காலை மடக்கி உள்ளே விடலாம். முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தடுப்புச்சுவர்களும் வரைந்திருந்தார்கள். கவிழ்ந்தால் படகு முழுக நிரம்பிவிடக் கூடாது, அந்தத் தடுப்புச்சுவர்கள் இல்லாத வடிவத்தை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

ரீப்பருக்கு ஏற்ற வடிவமா என்பதையும் பார்க்க வேண்டும். அடியும் பக்கமும் கூராக மடங்கும் படகுகள் ப்ளைவுட் தகடுகளைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறைக்குத்தான் லாபம். ரீப்பரின் பலம் உருண்ட வளைவு. ஆனால் முனைகளில் ரீப்பர் அதிகமாக முறுக்க வேண்டிய வடிவமும், மேல்தளம் உள்வாங்கி வெளியே வளையும் வடிவமும் முதல் படகுக்கு வேண்டாம்.

மரம் பற்றி அண்ணாச்சியிடம் தேக்கு என்று ஆரம்பித்தேன். “யாரு தூக்குவா?” என்றார். படகின் ஓடு 4 சதுர மீட்டர், 6 மில்லிமீட்டர் கனம் என்றால் தேக்கில் மரம் மட்டும் 15 கிலோவை நெருங்கும். மேல்நாட்டில் பயன்படுத்தும் சிடாரில் 9 கிலோ. மலைவேம்பு லேசாக இருக்கும், இங்கே தோட்டங்களில் வளர்க்கிறார்கள். நன்றாகக் காய்ந்ததாகக் கிடைத்தால் அதுதான்.

வரைபடம் பிடிஎஃப்பாக வந்தது. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் மலிவாக முடியும், ஆனால் ஃப்ளெக்ஸ் இழுபடும். கட்டட வரைபடம் எடுக்கிற கடைக்குப் போனேன். முதல் தாளில் 1 மீட்டர் சோதனைக் கோடு 97 சென்டிமீட்டராக வந்திருந்தது, தாளுக்குள் அடங்கும்படி இயந்திரமே சுருக்கியிருக்கிறது. அளவை 100 சதவீதத்தில் வைக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். இன்னொன்று, வரைந்த கோடு படகின் வெளிப்புறமா, ரீப்பருக்கு உள்புறமா என்று வெட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். வெளிப்புறம் என்றால் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் கழித்து வெட்ட வேண்டும். என்னுடையதில் கழித்தே கொடுத்திருந்தார்கள், அப்படியே ப்ளைவுட்டில் ஒட்டிவிட்டேன்.